மறதிக்கு இடம் தராத மொழிகள்



நிரலாளர் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் முதல் வாசகர் கம்பைலர். மனிதருக்கு விளங்கும் மொழியில் எழுதப்பட்டதைக் கணினிக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றுவது அதன் வேலை என்று பாடநூல்கள் சொல்லும். அது அதன் வேலையில் ஒரு பாதிதான். ஒரு நிரல்மொழியை வகுப்பவர் வேறொன்றையும் சேர்த்தே வகுக்கிறார்: எவற்றையெல்லாம் எழுதுகிறவர் மறவாமல் இருக்க வேண்டும், எவற்றையெல்லாம் கம்பைலர் அவருக்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பொறுப்புப் பங்கீடு அது. மொழியின் இலக்கணத்தில் இதற்கென்று தனி அதிகாரம் இருக்காது. ஆனால் அந்த மொழியில் பிறக்கும் மென்பொருளின் தலையெழுத்தை இதுவே எழுதுகிறது. கணினியால் ஐயமின்றிக் கண்டுபிடிக்கக்கூடிய பிழையை மனிதரின் கவனத்தை நம்பி விட்டுவைப்பது தவறான பங்கீடு என்பது என் வாதம். நம் துறை அரை நூற்றாண்டுக்கு மேலாக அப்படித்தான் விட்டுவைத்தது. அதன் இழப்பைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் நிரல் என்றால் என்னவென்றே அறியாத மக்கள். ஆகவே இதை நிரலாளர்களின் உள்வீட்டு விவகாரமாக நான் கருதவில்லை. பொது அவையில் பேசவேண்டிய பொருளாகவே கருதுகிறேன்.

இந்தப் பங்கீடு பற்றிய வழக்கு தொடக்கத்திலேயே எழுந்தது. 1950களின் முற்பகுதியில் நிரல் எழுதுவதென்றால் எந்திரக் கட்டளைகளை ஒவ்வொன்றாக அடுக்குவது. எந்த எண் நினைவகத்தின் எந்த இடத்தில் இருக்கிறது, செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களில் எது இப்போது காலி என்பதையெல்லாம் மனிதரே மனத்தில் வைத்திருக்க வேண்டும். கிரேஸ் ஹாப்பர் யூனிவாக் கணினிக்காக உருவாக்கிய ஏ-0 இந்தச் சுமையைக் குறைக்கும் முதல் முயற்சிகளில் ஒன்று. 1954-ல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் ஃபோர்ட்ரான் வேலை நடந்தபோது, கம்பைலர் உண்டாக்கும் கட்டளைகள் கைதேர்ந்தவர் எழுதுவதற்கு ஈடாக ஓடும் என்று அனுபவசாலிகள் பலர் நம்பவில்லை. கணினி நேரத்துக்குப் பெரும் விலை கொடுத்த காலம் அது. மெதுவாக ஓடும் நிரலைத் தருகிற மொழியை எவரும் தொடமாட்டார்கள் என்பது பேக்கஸ் குழுவுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே மொழியின் வடிவத்தைச் செதுக்குவதைவிட, விரைவாக ஓடும் கட்டளைகளை உண்டாக்கும் வழிகளிலேயே அவர்கள் உழைப்பைக் கொட்டினார்கள். ஐபிஎம் 704-ல் இருந்தவை மூன்றே இன்டெக்ஸ் ரெஜிஸ்டர்கள். அவற்றை எதற்கு எப்போது ஒதுக்குவது என்று தீர்மானிக்க, நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு அடிக்கடி ஓடும் என்பதைக் கம்பைலரே பாவனையாக ஓட்டிப் பார்த்து மதிப்பிட்டது. 1957 ஏப்ரலில் அந்தக் கம்பைலர் வாடிக்கையாளர் கைக்குப் போயிற்று. அது தந்த வேகம் சந்தேகக்காரர்களின் வாயை அடைத்தது. இன்று ரெஜிஸ்டர் ஒதுக்கீட்டைத் தன் கையில் திரும்பக் கேட்கும் நிரலாளர் மிகச் சிலரே. வேகம் என்கிற பொறுப்பைக் கம்பைலரிடம் ஒப்படைக்கலாம் என்று 1957-லேயே மெய்ப்பித்துவிட்டோம். பாதுகாப்பு என்கிற பொறுப்பை ஒப்படைக்கும் முறை வந்தபோது, பொய்த்துப்போன அதே வேகக் காரணத்தைச் சொல்லி மறுத்தோம்.

பாதுகாப்பை ஒப்படைக்க முடியும் என்பது அப்போதே தெரியாமல் இல்லை. 1934-ல் கொழும்பில் பிறந்த டோனி ஹோர், 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் எலியட் பிரதர்ஸ் நிறுவனத்தில் ஆல்கால் 60 மொழிக்குக் கம்பைலர் உருவாக்கினார். நூறு இடங்கள் கொண்ட ஓர் அணியில் நூற்றியோராவது இடத்தைக் கேட்டால் அந்தக் கம்பைலரின் நிரல் அங்கேயே நின்று பிழையைச் சொல்லும். அணியைத் தொடும் ஒவ்வொரு முறையும் எல்லைச் சோதனை உண்டு. இது கொஞ்சம் நேரம் பிடிக்கும் வேலை. ஆகவே பல ஆண்டுகள் கழித்து, பரிசோதனை முடிந்த நிரல்களுக்கு இந்தச் சோதனையை அணைத்துவிடும் வசதி வேண்டுமா என்று வாடிக்கையாளர்களைக் கேட்டார்கள். வேண்டாம் என்று ஒருமுகமாகச் சொன்னார்களாம். நன்றாகச் சோதித்துப் பயன்பாட்டுக்கு வந்துவிட்ட நிரலிலும் எல்லை மீறல் எத்தனை முறை பிடிபடுகிறது என்பதை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். 1980-ல் டூரிங் விருது உரையில் ஹோர் இதை எடுத்துச் சொல்லி, மொழி வகுப்போர் இப்பாடத்தை இன்னும் கற்கவில்லை என்று வருந்தினார். அதே ஹோர்தான் 1965-ல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக, நினைவகத்தின் ஓரிடத்தைக் காட்டும் சுட்டிகளில் எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியைக் கொண்டுவந்தார். அதைச் சேர்ப்பது அத்தனை எளிதாக இருந்ததால் சேர்த்ததாகவும், அது கோடிக்கணக்கான டாலர் இழப்பை விளைவித்த தன் பிழை என்றும் 2009-ல் அவரே அறிவித்தார். ஒரே மனிதரின் இரண்டு முடிவுகள். முதலாவதில் கணினி நினைவில் வைத்துக்கொண்டது; இரண்டாவதில், இந்தச் சுட்டி வெற்றா அல்லவா என்று ஒவ்வொரு முறையும் நினைத்துப் பார்க்கும் கடமை உலகின் எல்லா நிரலாளர்கள் தலையிலும் விழுந்தது.

சி மொழியைப் பற்றிப் பேசும்போது நியாயமாகப் பேச வேண்டும். பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி அதை வடித்தபோது அவர் கையில் இருந்தது பிடிபி-11 என்ற சிறிய கணினி. கம்பைலரும் அதற்குள் ஓட வேண்டும், இயங்குதளமும் அதற்குள் ஓட வேண்டும். 1973-ல் அந்த இயங்குதளமான யுனிக்ஸ் பெரும்பாலும் சி-யில் மாற்றி எழுதப்பட்டது. ஓர் இயங்குதளத்தைக் கணினிக்குக் கணினி கொண்டுசெல்ல முடிந்தது மாபெரும் சாதனை. அந்த இடநெருக்கடியில் கம்பைலர் சோதனைகளைச் சுமக்க முடியாதது இயல்பு. ஆனால் சோதனை தேவை என்பதை பெல் ஆய்வகமே உணர்ந்திருந்தது. ஸ்டீபன் ஜான்சன் லின்ட் என்ற தனிக் கருவியை எழுதினார். கம்பைலர் கேளாமல் விடும் சந்தேகத்துக்குரிய இடங்களை அது சுட்டிக்காட்டும். இந்தப் பிரிப்பில்தான் வினை விளைந்தது. கம்பைலரை ஓட்டாமல் நிரல் ஓடாது. லின்ட்டை ஓட்டாமல் நிரல் ஓடும். வேலை நெருக்கும் நாளில் எது விடுபடும் என்று சொல்லவேண்டியதில்லை. கணினிகள் பெருத்து, நினைவகம் ஆயிரம் மடங்கு வளர்ந்த பிறகும் பிடிபி-11 காலத்துப் பங்கீடு அப்படியே நின்றது. 1988 நவம்பர் 2 இரவு, தானே பரவும் நிரலான மோரிஸ் புழு இணையத்தை நிலைகுலையச் செய்தது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, உள்ளே வரும் எழுத்துகள் எத்தனை என்று பாராமலேயே வாங்கிக்கொள்ளும் கெட்ஸ் என்ற சி நூலகச் செயற்கூறு. அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த வழியே இல்லை. அப்படியிருந்தும் சி மொழியின் தரநிலை அதை நீக்கியது 2011-ல். இடையில் 23 ஆண்டுகள், கவனமாக இருங்கள் என்ற அறிவுரை மட்டுமே காவலாக நின்றது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கத் தக்கது. 1989-ல் சி-க்குத் தரநிலை வகுத்தவர்கள், சில செயல்களின் விளைவு என்ன என்பதை வரையறுக்காமலே விட்டார்கள். அணியின் எல்லையைத் தாண்டிப் படிப்பது, வெற்றுச் சுட்டியின் வழியே மதிப்பை எடுப்பது, குறியுள்ள முழு எண் தன் கொள்ளளவை மீறிப் பெருகுவது ஆகியவை அந்த வகை. வெவ்வேறு கணினிகள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும், எல்லாவற்றையும் ஒரே விதியில் கட்டினால் வேகம் கெடும் என்பது அன்றைய நோக்கம். பின்னர் கம்பைலர்கள் நுட்பமாயின. வரையறுக்கப்படாத செயலை நிரலாளர் ஒருபோதும் செய்யமாட்டார் என்ற அனுமானத்தின் மேல் அவை தருக்கம் செய்யத் தொடங்கின. 2009-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் டன் என்ற வலையமைப்பு இயக்கியில் நடந்தது இதற்குச் சான்று. அங்கே ஒரு வரியில் ஒரு சுட்டியின் வழியே ஒரு மதிப்பை எடுத்திருந்தார்கள். அதற்கடுத்து, அந்தச் சுட்டி வெற்றாக இருந்தால் பிழையைத் திருப்பு என்று சோதனை எழுதியிருந்தார்கள். வரிசை தலைகீழ், சோதித்துவிட்டு எடுத்திருக்க வேண்டும். ஜிசிசி கம்பைலரின் தருக்கம் இப்படிப் போயிற்று: முதல் வரியிலேயே இந்தச் சுட்டி பயன்பட்டுவிட்டது; வெற்றுச் சுட்டியைப் பயன்படுத்துவது வரையறுக்கப்படாத செயல்; நிரலாளர் அதைச் செய்யமாட்டார்; ஆகவே இது வெற்று அல்ல; ஆகவே அடுத்த சோதனை வீண். சோதனையையே அழித்துவிட்டது. எழுதியவர் கண்ணுக்குச் சோதனை இருக்கிறது, ஓடும் கெர்னலில் இல்லை. நினைவகத்தின் பூச்சிய முகவரியில் தன் தரவை வைக்க முடிந்த ஒருவர் அந்த ஓட்டை வழியே கணினி முழுவதையும் கைப்பற்ற முடிந்தது. அதன் பிறகு, இத்தகைய சோதனைகளை அழிக்காதே என்ற தனி ஆணையைக் கொடுத்தே லினக்ஸ் கெர்னல் கம்பைல் செய்யப்படுகிறது.

இந்த நிகழ்ச்சியில் என்னை உறுத்துவது ஒன்றுதான். எழுதப்பட்டதில் ஒரு முரண் இருக்கிறது என்பதைக் கண்டுகொள்ளப் போதிய அறிவு கம்பைலரிடம் இருந்தது. அந்த அறிவை அது எழுதியவருக்குச் சொல்லப் பயன்படுத்தவில்லை. காவலை அகற்றப் பயன்படுத்தியது. கம்பைலர் எழுதுவோரிடம் இதற்குப் பதில் உண்டு. அது வலுவான பதில். மேக்ரோக்களும் ஒன்றுக்குள் ஒன்று விரித்துப் பொருத்தப்படும் செயற்கூறுகளும் சேரும்போது, உண்மையிலேயே தேவையற்ற சோதனைகள் ஆயிரக்கணக்கில் உண்டாகின்றன. அவற்றை நீக்குவதால்தான் நிரல் வேகமாக ஓடுகிறது. ஒவ்வொரு நீக்கத்துக்கும் எச்சரிக்கை தந்தால் அந்த வெள்ளத்தில் உண்மையான எச்சரிக்கை அடித்துச் செல்லப்படும். இதை நான் ஏற்கிறேன். ஏற்பதாலேயே, குற்றம் கம்பைலர் எழுதியவரைச் சேராமல் மொழியின் பங்கீட்டைச் சேர்கிறது என்கிறேன். எது நிரலாளரின் எண்ணம், எது எந்திர விரிவாக்கத்தின் எச்சம் என்று கம்பைலர் பிரித்தறியப் போதிய தகவலை நிரலாளர் எழுதுவதற்கு அந்த மொழியில் இடமே இல்லை. ஒரு சுட்டி வெற்றாக இருக்கலாமா கூடாதா என்பதை அதன் வகையிலேயே எழுத முடிந்தால், இந்தத் தருக்கப் புதிர் பிறப்பதே இல்லை. ராபின் மில்னர் 1978-ல் எம்எல் மொழிக்கு வகைக் கோட்பாட்டை வகுத்த நாளிலிருந்து இது செய்யத் தெரிந்த வேலை.

நல்ல நிரலாளருக்கு இதெல்லாம் தேவையில்லை, திறமைக் குறைவை மொழியின் மேல் ஏற்றாதீர்கள் என்பது நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தேர்ந்தவர்கள். ஆகவே மதிப்போடு பதில் சொல்ல வேண்டும். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. உலகின் வலைத்தளங்களில் பெரும் பகுதி மறையாக்கத்துக்கு நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில், எதிர்முனை தான் அனுப்பியதாகச் சொல்லும் நீளத்தை, உண்மையில் வந்த நீளத்தோடு ஒப்பிடும் ஒரு சோதனை விடுபட்டிருந்தது. அதனால் ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் வெளியே ஒழுகியது; கடவுச்சொற்களும் மறைகுறிகளும் அதில் இருக்கக்கூடும். மூல நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடந்தது. இரண்டு ஆண்டுகள் எவரும் பார்க்கவில்லை. ஒரு நூலகத்தின் கதை என்று இதை ஒதுக்கவும் இயலாது. ஆண்டுதோறும் தாம் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பாதுகாப்புப் பிழைகள் என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் அறிவித்தது. குரோமியம் உலாவிக் குழு தன் கடுமையான ஓட்டைகளை எண்ணிப் பார்த்து 2020-ல் சொன்ன அளவும் ஏறத்தாழ 70. வெவ்வேறு நிறுவனம், வெவ்வேறு மென்பொருள், ஒரே விகிதம். இவர்களிடம் உலகின் சிறந்த நிரலாளர்கள் இருக்கிறார்கள், குறுக்குச் சரிபார்ப்பு இருக்கிறது, சோதனைக் கருவிகள் இருக்கின்றன. திறமைதான் மருந்து என்றால் இந்த அளவுக்குத் திறமை குவிந்த இடத்தில் நோய் தணிந்திருக்க வேண்டும்.

ரயில் துறை இதே கேள்வியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சந்தித்தது. தண்டவாளத்தின் முள் ஒரு பக்கம் திரும்பியிருக்க, சிக்னல் மறுபக்கத்துக்கு வழிவிட்டால் விபத்து. சிக்னல்காரர் கவனமாக இருக்க வேண்டும் என்பதே நெடுநாள் விதி, தவறினால் தண்டனை. ஜான் சாக்ஸ்பி 1856-ல் காப்புரிமை பெற்ற அமைப்பில் நெம்புகோல்கள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டன. முள் சரியாகத் திரும்பாதவரை சிக்னல் நெம்புகோல் அசையாது. பிரிட்டனில் இதைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது 1889-ல், அயர்லாந்தின் ஆர்மா நகரருகே ஒரு ரயில் விபத்தில் 80 பேர் மாண்ட பிறகு. அந்தப் பூட்டு சிக்னல்காரரின் திறமையை இகழ்ந்ததாக இன்று எவரும் சொல்வதில்லை. இரவு முழுக்க விழித்திருக்கும் ஒருவரின் மூளையிலிருந்து, இரும்பால் செய்யக்கூடிய வேலையை அது எடுத்துக்கொண்டது.

அடுத்த மறுப்பு வேகம். ஜாவா 1995-லேயே எல்லைச் சோதனையோடு வந்தது. வங்கிகளும் அலுவலகங்களும் அதற்கு மாறின. ஆனால் பயன்படாத நினைவகத்தை அவ்வப்போது நின்று பெருக்கிக் கூட்டும் அதன் முறை, இயங்குதளத்துக்கும் உலாவியின் உள்ளுறுப்புகளுக்கும் சிறு கருவிகளுக்கும் ஒத்துவரவில்லை. அந்த நிலங்கள் சி-யிடமும் சி பிளஸ் பிளஸ்ஸிடமும் தங்கின. மறுப்பு நியாயமாக இருந்த காலம் அது. இன்றைக்கு அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. கூகுள் தன் சர்வர்களில் ஓடும் கோடிக்கணக்கான வரி சி பிளஸ் பிளஸ் நிரலில், நூலக மட்டத்தில் எல்லைச் சோதனைகளை இயக்கிவிட்டு, 2024-ல் முடிவை வெளியிட்டது. சராசரி வேக இழப்பு 0.30 விழுக்காடு. பதிலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகள் வெளிப்பட்டன. நினைவக மீறலால் நிரல் விழுவது ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இது எப்படி இயன்றது? பேக்கஸ் தொடங்கிவைத்த அதே கலை இங்கே கைகொடுக்கிறது. நூறு இடங்கள் கொண்ட அணியைத் தொடும் சுழற்சியின் எண் நூறைத் தாண்டாது என்று கம்பைலரால் நிறுவ முடிந்தால் அந்தச் சுழற்சிக்குள் சோதனையே தேவையில்லை. நிறுவ முடியாத இடத்தில் மட்டும் சோதனை நிற்கும். டன் இயக்கியில் சோதனையைத் தவறாக அழித்த அதே திறன், விதிகள் ஒழுங்காக வகுக்கப்பட்ட மொழியில் தேவையற்ற சோதனையை மட்டும் அழிக்கிறது.

இதன் உச்சமாக ரஸ்ட் மொழியைச் சொல்வேன். மொசில்லாவின் ஆதரவில் வளர்ந்து 2015 மே மாதம் 1.0 ஆக வெளிவந்த அந்த மொழியில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே உரிமையாளர். மற்றவர் அதை இரவல் வாங்கலாம். இரவல், உரிமையாளரின் ஆயுளைத் தாண்டி நீடிக்கக் கூடாது. பலர் ஒரே நேரத்தில் படிக்கலாம்; ஒருவர் எழுதும்போது வேறெவரும் படிக்கவும் கூடாது. இவ்வளவுதான் விதி. இதைக் கம்பைலர் நிரலை ஓட்டாமலேயே சரிபார்த்துவிடுகிறது. விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடுவது, ஒன்றையே இரு முறை விடுவிப்பது, ஒரே நேரத்தில் ஓடும் இரு இழைகள் ஒரே இடத்தில் போட்டியிட்டு எழுதுவது ஆகியவை கம்பைல் ஆவதே இல்லை. ஓடும்போது இதற்கென்று எந்தச் செலவும் இல்லை. இந்தச் சிந்தனைகள் முழுக்கப் புதியவை அல்ல. சைக்ளோன் போன்ற ஆய்வு மொழிகளில் முன்பே இருந்தவை. ஆய்வுக் கட்டுரையிலிருந்து அன்றாடப் பட்டறைக்கு அவற்றைக் கொண்டுவந்தது ரஸ்ட்டின் பெருமை. 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலிலும் அதற்கு இடம் கிடைத்தது.

கற்கக் கடினம் என்கிறார்கள், மெய்தான். முதல் சில வாரங்களில் கம்பைலர் எழுதியதையெல்லாம் மறுப்பதுபோல் தோன்றும். ஆனால் அந்த மறுப்பு வரும் விதத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு மதிப்பின் உரிமையை வேறொரு செயற்கூறுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி பயன்படுத்தினால், உரிமை கைமாறிய வரி, மறுபடி தொட்ட வரி, இரண்டையும் அடிக்கோடிட்டுக் காட்டி, ஏன் கைமாறியது என்ற காரணத்தையும் சொல்லி, பல நேரம் திருத்தத்தையும் அதுவே முன்மொழிகிறது. இதற்கு நேர்மாறான பள்ளியில் படித்தவர்கள் நம்மில் ஏராளம். நம் பொறியியல் கல்லூரிகளில் நெடுங்காலம் புழங்கிய டர்போ சி, டாஸ் சூழலில் ஓடியது. அங்கே ஒரு நிரல் தன் அணியைத் தாண்டி எழுதினாலும் தடுக்க எவரும் இல்லை. வெற்றுச் சுட்டியின் வழியே எழுதினால்கூட நிரல் தொடர்ந்து ஓடும். எல்லாம் முடிந்து வெளியேறும்போது, வெற்றுச் சுட்டிக்கு மதிப்பிடப்பட்டது என்று ஒற்றை வரி வரும், எந்த வரியில் என்ற தகவல் இல்லாமல். திரையில் விடை சரியாக இருந்ததால் மதிப்பெண் கிடைத்துவிடும். தவறும் சரியும் ஒரே மாதிரி தெரியும் கருவியில் பழகியவருக்குக் கவனம் எங்கிருந்து வரும்? கடினம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, முன்பு கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கடினம் இப்போது தெரிவதுதான்.

இருக்கும் நிரலையெல்லாம் யார் திருப்பி எழுதுவது என்ற கேள்வி இன்னும் நடைமுறையானது. பல கோடி வரி சி நிரல் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஒரு தலைமுறையிலும் மாற்றி எழுத முடியாது. ஆண்ட்ராய்டு குழு அதற்கு முயலவில்லை. பழைய நிரலைப் பெரும்பாலும் அப்படியே விட்டு, புதிதாக எழுதுவதைப் பாதுகாப்பான மொழிகளில் எழுதுவது என்று முடிவுசெய்தார்கள். 2019-ல் ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு ஓட்டைகளில் 76 விழுக்காடு நினைவகப் பிழைகள். 2024-ல் அது 24 விழுக்காடு. பழையது இருக்கும்போதே இது எப்படிக் குறைந்தது என்பதற்கு அவர்கள் தரும் விளக்கம் சிந்திக்கத் தக்கது. ஓட்டைகள் பெரும்பாலும் புதிதாக எழுதியதிலும் அண்மையில் மாற்றியதிலும்தான் இருக்கின்றன. நாட்பட ஓடும் நிரலில் அவை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டு அருகிப்போகின்றன. ஆகவே ஊற்றை அடைத்தால் குளம் தானே வற்றத் தொடங்குகிறது.

பொறுப்பைக் கம்பைலரிடம் கொடுத்தால் கம்பைலரே தவறினால் என்ன செய்வது? இந்தக் கேள்வியைக் கென் தாம்சன் 1984-ல் வெளியான தம் டூரிங் விருது உரையில் மிகக் கூர்மையாக எழுப்பினார்: கம்பைலருக்குள் ஒரு கள்ளக் கதவை வைத்து, மூல நிரலில் சுவடே இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கடத்த முடியும் என்று காட்டினார். கள்ளம் இல்லாத பிழைகளும் உண்டு. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் ரெகர் குழுவினர் சிஸ்மித் என்ற கருவியால் தற்செயலான சி நிரல்களை உண்டாக்கிக் கம்பைலர்களுக்கு ஊட்டினார்கள். 2011-ல் அவர்கள் கணக்குப்படி 325-க்கும் மேற்பட்ட பிழைகள் பிடிபட்டன. சோதித்த கம்பைலர்களில் பிழையற்றது ஒன்றும் இல்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பிரான்சில் சேவியர் லெராய் குழுவினர் கணித நிறுவலோடு எழுதிய காம்ப்செர்ட் கம்பைலரில், நிறுவப்பட்ட பகுதியில் மற்ற கம்பைலர்களை ஆட்டிவைத்த வகைப் பிழைகள் கிடைக்கவே இல்லை. கிடைத்தவை நிறுவப்படாத பகுதிகளைச் சேர்ந்தவை. கம்பைலரின் பிழை ஒரே இடத்தில் இருக்கிறது. அங்கே ஒரு முறை திருத்தினால் அதைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் திருந்துகிறது. லட்சக்கணக்கானவர்களின் கவனத்தை அப்படித் திருத்த வழியில்லை.

இந்த வாதத்துக்கு எல்லை உண்டு. அதை மறைத்தால் நான் உண்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் ஏறத்தாழ 40 விநாடிகளில் சிதறியது. அதன் திசையறி கருவியின் நிரல் எழுதப்பட்டது, பாதுகாப்புக்கென்றே வடிக்கப்பட்ட ஏடா மொழியில். 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது கொள்ளவில்லை. மொழி கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மீறலைக் கண்டது, அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்தால் கருவியை அணைத்துவிடு என்பதே அதற்கு எழுதப்பட்டிருந்த விதி. ஆபத்துக்குரிய ஏழு மாறிகளில் நான்குக்குக் காப்பு எழுதினார்கள். கணினியின் சுமை 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற இலக்கு இருந்ததால், மூன்றை விட்டார்கள். அந்த நிரல் முதலில் எழுதப்பட்ட ஏரியன் 4-ன் பறக்கும் பாதையில் அந்த முடிவு சரி; ஏரியன் 5-ன் பாதை வேறு. முதன்மைக் கருவியிலும் அதற்கு மாற்றாக இருந்த கருவியிலும் ஒரே நிரல் ஓடியதால் இரண்டும் சேர்ந்து அணைந்தன. எந்தக் கம்பைலரும் ஒரு புதிய ராக்கெட்டின் வேகத்தை அறியாது. உலகைப் பற்றிய அனுமானம் எப்போதும் மனிதரின் பொறுப்பு. அந்தப் பொறுப்புக்கு ஒதுக்கவேண்டிய கவனத்தை அணியின் எல்லையிலும் வெற்றுச் சுட்டியிலும் செலவழித்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் என் குறை. ரஸ்ட்டிலும் விதிகளைத் தளர்த்தி எழுதும் பகுதிகள் உண்டு; ஆனால் அவை பெயரிட்டு வேலி கட்டப்பட்டவை. சரிபார்ப்பவர் எங்கே கண்ணை ஊன்ற வேண்டும் என்பது மூல நிரலிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இன்று நிரலின் கணிசமான பகுதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித் தருகின்றன. எழுதியவர் மறக்கமாட்டார் என்ற பழைய நம்பிக்கைக்கு அங்கே பொருளே இல்லை. எழுதிய கருவிக்கு எழுதியதற்கான பொறுப்பு கிடையாது, ஒப்புதல் தரும் மனிதர் ஒவ்வொரு வரியையும் படிப்பதும் இல்லை. இதற்கிடையே சட்டமும் நகர்கிறது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வெள்ளை மாளிகையின் இணையப் பாதுகாப்பு அலுவலகம், நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாறும்படி தொழில்துறையை வற்புறுத்தியது, அது அறிவுரை. ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சைபர் மீள்திறன் சட்டம் அறிவுரை அல்ல. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் கட்டாயமாகின்றன. ஐரோப்பாவில் விற்கப்படும் மென்பொருளின் பாதுகாப்புக்கு அதைத் தயாரித்தவரே பொறுப்பு. சென்னையிலும் கோவையிலும் இருந்து ஐரோப்பியச் சந்தைக்கு மென்பொருள் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். அந்தப் பொறுப்பை ஏற்கப்போகும் பொறியாளர்கள் இந்த அரங்கில் மாணவர்களாக அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கான ஆய்வகப் பாடத்தில் சி இருக்கட்டும். கணினியின் உள்ளமைப்பை அறிய அதைவிட நேரான வழி குறைவு. ஆனால் முதல் நாளிலிருந்தே எல்லா எச்சரிக்கைகளையும் பிழையாகக் கருதும் அமைப்போடு, நினைவக மீறலை ஓடும்போதே பிடிக்கும் சோதனைக் கருவிகளோடு அதைக் கற்பிக்க வேண்டும். ஜிசிசி-யிலும் கிளாங் என்ற கம்பைலரிலும் இவை பல ஆண்டுகளாக இலவசமாக இருக்கின்றன. கம்பைல் செய்யும் கட்டளையில் சில சொற்களைச் சேர்ப்பதற்கு மேல் செலவில்லை. பாடத்திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே முடிவெடுத்துவிடலாம்.